மைக்ரோகிரீன் தட்டு கெட்டுப்போகிறதா? விதையை விடுங்கள், அடியில் இருப்பதைப் பாருங்கள்

தட்டில் விதை தூவி, ஒன்றிரண்டு வாரத்தில் குருத்தாகவே அறுத்துச் சாப்பிடுகிற கீரைதான் மைக்ரோகிரீன். கடுகு போட்டால் பூஞ்சை பிடிக்கிறது, கொத்தமல்லி முளைக்கவே மாட்டேன் என்கிறது, சூரியகாந்தி தலையில் தொப்பியைக் கழற்றாமல் அப்படியே நிற்கிறது. தட்டு கெட்டால் எல்லோரும் முதலில் திட்டுவது விதையைத்தான், அடுத்தது வெயிலை. விதைக்கு அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குப் பரப்பி வைத்திருக்கிறோமே, தேங்காய் மட்டைத் தூளான கோகோபீட்டோ மண்ணோ டிஷ்யூ பேப்பரோ, மீடியம் என்று சொல்லும் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். ஏழெட்டு நாளில் அறுத்துவிடும் கடுகுக்கும் வெந்தயத்துக்கும் முள்ளங்கிக்கும் மீடியத்திலிருந்து சத்து எதுவும் வேண்டாம். அந்த ஒரு வாரத்துக்கான சாப்பாடு விதைக்குள்ளேயே இருக்கிறது. மீடியம் செய்ய வேண்டியதெல்லாம் வேருக்கு ஈரம் பிடித்து வைப்பதும், அந்த ஈரத்துக்கு நடுவே காற்றுக்கும் இடம் விடுவதும்தான். கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி, ஈரம் மிஞ்சி காற்று போனதால் வருபவை, அல்லது அந்த ஈரத்தில் உப்பு கலந்திருப்பதால் வருபவை.

இன்னொன்று, முளைப்பயறும் மைக்ரோகிரீனும் ஒன்றல்ல. பச்சைப்பயறை ஊறவைத்து துணியில் கட்டித் தொங்கவிட்டு முளை கட்டுவதற்கு மீடியமே தேவையில்லை, ஏனென்றால் அதை வேரோடு, விதையோடு, முழுசாகச் சாப்பிடுகிறோம். மைக்ரோகிரீனில் வேரை விட்டுவிட்டு தண்டையும் இலையையும் மட்டும் அறுக்கிறோம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்தாலே எதை எதில் வளர்க்கலாம் என்ற குழப்பம் பாதி தீரும். சிலர் பயறை கோகோபீட்டில் முளைக்க வைத்து, அப்புறம் கழுவிக் கழுவி கை ஓய்ந்து போகிறார்கள். ஒரு வெள்ளைத் துணி போதும் அதற்கு.

விதையைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு

அதிகம் பேர் பதறுவது இதற்குத்தான், பாதிப் பேர் நல்ல தட்டையே குப்பையில் கொட்டிவிடுகிறார்கள். கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் குடும்பத்து விதைகள் முளைத்த இரண்டாம் மூன்றாம் நாளில் வேரைச் சுற்றி வெள்ளை வெளேரென்று மெல்லிய பஞ்சு தெரியும். அது வேர்த்தூவி. மீடியத்தின் மேற்பரப்பு கொஞ்சம் உலர்ந்தால் வேர் ஈரத்தைத் தேடி அந்தத் தூவிகளை நீட்டுகிறது.

பூஞ்சையா தூவியா என்று பார்க்க ஒரு ஸ்பிரே பாட்டில் போதும். அந்த இடத்தில் நன்றாகத் தண்ணீர் அடியுங்கள். வேர்த்தூவி என்றால் நனைந்ததும் வேரோடு ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், அடுத்த சில மணி நேரத்தில் உலர்ந்ததும் திரும்ப நிமிரும். பூஞ்சை அப்படிப் போகாது, நனைந்தாலும் திட்டாக அங்கேயே இருக்கும். தூவி ஒவ்வொரு வேரையும் தனித்தனியாகச் சுற்றி, வேர் போகும் திசையில் மட்டும் இருக்கும். பூஞ்சை ஒரு செடியிலிருந்து பக்கத்துச் செடிக்கும், முளைக்காத விதைக்கும், மீடியத்தின் மேலும் ஒட்டடை போல் தாவும். முகர்ந்து பார்த்தாலும் தெரியும். பூஞ்சையில் பழைய மழைக்காலத் துணி வாடை வரும்.

உண்மையான பூஞ்சை என்றால் அந்தத் திட்டைச் சுற்றி மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மீதியைச் சாப்பிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். விதையின் விலை சில ரூபாய், தட்டோடு போகட்டும். அடுத்த முறை மாற்ற வேண்டியவை: கோகோபீட்டைக் கொதிக்கும் நீர் ஊற்றி ஊறவைப்பது (கட்டியும் சீக்கிரம் உடையும், அதில் இருக்கும் பூஞ்சை வித்துகளும் குறையும்), விதையை நெருக்காமல் தூவுவது, முளைத்ததும் மூடியை எடுத்துவிட்டு காற்றாட வைப்பது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போல கடலோரத்தில் இருப்பவர்கள் இரண்டாவது நாளிலேயே மூடியைத் திறந்துவிடலாம். காற்றிலேயே ஈரம் இருக்கிறது, மூடி எதற்கு?

முளைக்கவே இல்லை, அல்லது முளைத்து வேர் நுனி பழுப்பாகி நின்றுவிட்டது

முதலில் விதையையும் மீடியத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதே விதையில் இருபது எண்ணி எடுத்து ஈரமான டிஷ்யூ பேப்பரில் மடித்து டப்பாவில் வையுங்கள். அங்கே முளைத்து தட்டில் முளைக்கவில்லை என்றால் விதை குற்றவாளி இல்லை. அங்கேயும் முளைக்கவில்லை என்றால் விதை பழசு, அல்லது முளைக்கிற நிலையிலேயே இல்லை. தோல் நீக்கிய சூரியகாந்திப் பருப்பு, தோல் நீக்கிய எள், உடைத்த பருப்பு வகைகள் இவற்றை நம்பித் தட்டு போடக் கூடாது. மளிகைக்கடைக் கடுகும் வெந்தயமும் பெரும்பாலும் நன்றாகவே முளைக்கும். கொத்தமல்லியை உருட்டி இரண்டாகப் பிளந்து போட வேண்டும், ஒரு உருண்டைக்குள் இரண்டு விதை இருக்கிறது.

விதையைப் பற்றிப் பேசும்போதே ஒரு எச்சரிக்கை. விதைக்கடையில் ரோஸ், நீலம், பச்சை என்று சாயம் பூசி வரும் விதைகள் திரம், கேப்டான் போன்ற பூஞ்சைக்கொல்லியில் நேர்த்தி செய்யப்பட்டவை. வயலில் விதைக்க அவை சரி. பத்து நாளில் அறுத்துத் தின்னும் தட்டுக்கு ஒருபோதும் ஆகாது, எத்தனை முறை கழுவினாலும் ஆகாது. தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றையும் மைக்ரோகிரீனாகச் சாப்பிடக் கூடாது, அந்தக் குடும்பத்துக் குருத்துகளில் நச்சு இருக்கிறது.

சரி, விதை நல்லது, தட்டில்தான் முளைக்கவில்லை. மீடியம் கோகோபீட் என்றால் முதல் சந்தேகம் உப்பு.

தேங்காய் மட்டையில் இயற்கையாகவே சோடியமும் பொட்டாசியமும் குளோரைடும் உண்டு. கடலோரத்து மரம் என்றால் இன்னும் கூடுதல், மட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு நார் எடுத்திருந்தால் கேட்கவே வேண்டாம். நார் உரித்த பிறகு உதிரும் தூள்தான் கட்டியாக அழுத்தப்பட்டு நம் கைக்கு வருகிறது. பொள்ளாச்சிப் பக்கம் ஏற்றுமதிக்குச் செய்பவர்கள் இதை நல்ல தண்ணீரில் அலசி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, தூளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியத்தைக் கழற்றி அனுப்புகிறார்கள். உள்ளூர்க் கடையில் 650 கிராம் கட்டியாகவும் 5 கிலோ கட்டியாகவும் கிடைப்பது அலசியதா இல்லையா என்பது உறையைப் பார்த்தால்தான் தெரியும், பல உறைகளில் அதுவும் இருக்காது. அலசியது என்றால் 'லோ ஈ.சி.' என்று போட்டிருப்பார்கள். ஈ.சி. என்பது மின்சாரத்தைக் கடத்தும் திறன், உப்பு கூடினால் அதுவும் கூடும். ஈ.சி. 0.5 mS/cm-க்குக் கீழே என்று இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஒன்றும் போடவில்லை என்றால் அலசாதது என்றே வைத்துக்கொண்டு வீட்டில் அலசுங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கோகோபீட்டை ஊறவைத்துப் பிழிந்தால் டீத்தண்ணி நிறத்தில் வரும், நிறம் வெளுக்கும் வரை அலசிவிட்டு உப்பு போய்விட்டது என்று நினைக்கிறார்கள். அந்த நிறம் மட்டையில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளுடையது, உப்புக்கு நிறம் கிடையாது. நிறம் இருந்தும் உப்பு குறைவாக இருக்கலாம், தெளிந்த நீரிலும் உப்பு இருக்கலாம். ஆர்.ஓ. மெஷின் வைத்திருக்கும் வீடுகளில் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று எங்காவது டிராயரில் கிடக்கும், அதை எடுங்கள். ஊற்றப்போகும் தண்ணீரை முதலில் அளந்துகொள்ளுங்கள். அந்தத் தண்ணீரில் ஒரு கைப்பிடி கோகோபீட்டை அரை மணி நேரம் ஊறவைத்து, பிழிந்து, வடிகட்டி மறுபடி அளங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 200, 250-க்குள் இருந்தால் நான் கண்டுகொள்வதில்லை. அதற்கு மேல் போனால் இன்னொரு அலசல். மீட்டர் இல்லாதவர்கள் மூன்று தடவை நிறைய தண்ணீர் விட்டு ஊறவைத்துப் பிழிந்துவிட்டால் மைக்ரோகிரீனுக்குப் போதும். கால்சியம் நைட்ரேட் எல்லாம் மாதக்கணக்கில் தக்காளி வளர்ப்பவர்கள் பார்க்க வேண்டியது. ஒரு வாரத் தட்டுக்கு அந்தப் பாடு வேண்டாம்.

கோகோபீட்டை இப்படி அலசிவிட்டு, அப்புறம் 1,200 டி.டி.எஸ். போர்த் தண்ணீரை ஊற்றினால் செய்த வேலை வீண். குடிநீருக்கே 500 வரைதான் ஏற்றது என்று இந்தியத் தரம் சொல்கிறது. போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் மழைநீரோ, ஆர்.ஓ. தண்ணீரோ, குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரோ எது கிடைக்கிறதோ அதை ஊற்றுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு டம்ளர்கூட ஆகாது. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான்.

மீடியம் மண் என்றால் உப்பை விட வேறு விஷயம். கரிசல் மண்ணும் களிமண்ணும் மேலே ஏடு கட்டிக்கொள்ளும், சிறுகீரை விதை போன்ற பொடி விதைகளால் அதை உடைத்துக்கொண்டு வர முடியாது. எம்-சாண்டில் போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. அதில் இருக்கும் மாவுத்தூசி ஈரம் பட்டதும் இறுகிவிடும்.

கோடையில் பட்டாணி முளைக்கவில்லை என்றால் மீடியத்தை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை. அது குளிர்கால ஆசாமி, 18 முதல் 24 டிகிரி வரை என்றால் குஷியாக வரும். சித்திரை வெயிலில் சமவெளி வீட்டில் ஊறவைத்தால் அழுகத்தான் செய்யும். அந்த மாதங்களில் தண்டுக்கீரையோ கம்போ போடுங்கள்.

நேற்று நின்றது இன்று அடியோடு சாய்ந்து கிடக்கிறது

தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் பார்த்தால் நூல் மாதிரி இளைத்து, தண்ணீர் கோத்து, கண்ணாடிபோல் ஆகியிருக்கும். மேலே இலை இன்னும் பச்சையாகவே இருக்கும், அதனால்தான் ஒன்றும் புரியாது. காய்கறி நாற்றங்காலில் வருகிற அதே நாற்றழுகல் நோய். பித்தியம் போன்ற பூஞ்சை மாதிரிக் கிருமிகள் செய்கிற வேலை. தட்டின் ஒரு மூலையில் ஆரம்பித்து வட்டமாகப் பரவும். தண்ணீர் போதாமல் வாடிய தட்டு இப்படி இருக்காது. அது மொத்தமாகச் சோர்ந்து தொங்கும், தண்டின் அடி கெட்டியாக இருக்கும், தண்ணீர் காட்டினால் சில மணி நேரத்தில் எழுந்துவிடும்.

காரணம் மீடியத்தில் தேங்கிய தண்ணீர். தட்டில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டலில் பார்சல் வரும் கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவில் போடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். கம்பியைச் சுட்டு அடியில் பத்துப் பதினைந்து துளை போட்டு, துளை இல்லாத இன்னொரு டப்பாவுக்குள் அதை வைத்துவிடுங்கள். தண்ணீரை வெளி டப்பாவில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அந்த மிச்சத்தைக் கொட்டாமல் விடுவதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

ஈரம் எவ்வளவு என்பதற்கு நம் அடுப்படியிலேயே அளவு இருக்கிறது. புட்டு மாவு பதம். கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். கோகோபீட்டுக்கு அதைவிட ஒரு படி ஈரம் கூடலாம், இறுக்கிப் பிழிந்தால் இரண்டு மூன்று சொட்டு விழலாம். ஒழுகினால் அதிகம். தட்டு வளர்ந்த பிறகு இப்படிப் பிடித்துப் பார்க்க முடியாது, அப்போது தட்டைத் தூக்கிப் பார்க்கிற பழக்கம் வேண்டும். நனைந்த தட்டின் கனம் கைக்குப் பழகிவிட்டால், காலையில் தூக்கும்போதே இன்றைக்குத் தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்று கை சொல்லிவிடும். மேற்பரப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கோகோபீட் மேலே வெளிறிக் காய்ந்து தெரியும்போதே அடியில் சொதசொத என்று இருக்கும்.

மருந்துக்கடைப் பஞ்சில் போடுபவர்களுக்கு இந்தச் சாய்வு அடிக்கடி வரும். பஞ்சு தண்ணீரைக் குடித்ததும் படுத்துவிடுகிறது, நடுவில் காற்றே இல்லை. பள்ளிக்கூடத்தில் அவரையை முளைக்க வைத்துக் காட்டுவதற்குப் பஞ்சு நல்லது. தட்டு போட அது வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

விதை நெருக்கமும் இதில் சேரும். கையகலப் பார்சல் டப்பாவுக்கு, அதாவது 15-க்கு 10 செ.மீ. இருக்கும் டப்பாவுக்கு, கடுகு அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேலே, தண்டுக்கீரை கால் டீஸ்பூன், வெந்தயம் ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட. விதைமேல் விதை ஏறக் கூடாது.

நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி கலக்கலாமா என்று கேட்பார்கள். நாற்றங்காலுக்கு அது நல்ல பொருள்தான். ஒரு வாரத்தில் சமைக்காமலே வாயில் போடப்போகிற தட்டுக்கு நான் எதையும் கலக்கமாட்டேன், தண்ணீரைக் குறைப்பேன்.

மஞ்சளாக, நெட்டையாக இருக்கிறது

மீடியத்தில் சத்து போதவில்லை என்று நினைத்து மண்புழு உரத்தை அள்ளிப் போடுகிறார்கள். பெரும்பாலும் இது வெளிச்சம் போதாத குறை. முளைப்பாரி பார்த்திருப்பீர்கள், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் மாரியம்மன் திருவிழாவுக்கு வளர்ப்பது. மண்ணும் எருவும் வைக்கோலும் போட்ட ஓட்டில் இருட்டறையில் வைத்து வளர்ப்பதால் அது வெளிர் மஞ்சளாக உயரமாக வரும், எரு போட்டும் பச்சை வருவதில்லை. முளைப்பாரிக்கு அந்த மஞ்சள்தான் அழகு, அதைக் கடைசியில் நீரில் கரைத்துவிடுகிறோம். தட்டில் பச்சை வேண்டும் என்றால், மூடியை எடுத்த பிறகு நல்ல வெளிச்சமான ஜன்னலோரத்திலோ பால்கனி நிழலிலோ வையுங்கள், இரண்டு நாளில் நிறம் ஏறும்.

ஆனால் வெளிச்சத்தில் இருந்தும் பத்து நாளுக்கு மேல் மஞ்சளாகவே இருந்தால், அல்லது விதையிலைக்கு அடுத்து முதல் உண்மையான இலை வரும் நேரத்தில் வெளுத்தால், அப்போது அது சத்துக் குறைதான். தண்டுக்கீரை விதை கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு பொடி, அதற்குள் இருப்பு கொஞ்சம்தான். கொத்தமல்லி பதினைந்து இருபது நாள் தட்டில் இருக்கும். இந்த மாதிரி ஆட்களுக்கு வெறும் கோகோபீட்டோ டிஷ்யூவோ போதாது. நன்றாக மக்கிச் சலித்த மண்புழு உரத்தை கோகோபீட்டோடு நாலில் ஒரு பங்கு சேர்த்தால் போதும். கடுகுக்கும் முள்ளங்கிக்கும் இந்த உரம் வெட்டிச் செலவு, பூச்சிக்கு விருந்தும் வைக்கும்.

வேர் உள்ளே போகாமல் தட்டே மேலே எழும்பி நிற்கிறது

வேர் கீழே போக இடமில்லை என்றால் விதையை மேலே தூக்கிவிடும். மீடியத்தை விரல் போட்டு அமுக்கி அமுக்கி நிரப்பியிருப்பீர்கள், அல்லது மேலே ஒரு சென்டிமீட்டர் காய்ந்திருக்கும். நிரப்பும்போது லேசாகத் தட்டிச் சமன் செய்தால் போதும், விதை தூவிய பிறகுதான் மேலிருந்து ஒரு அமுக்கு. கடுகு, முள்ளங்கிக்கு இரண்டு மூன்று செ.மீ. ஆழம் தாராளம். சூரியகாந்தி, பட்டாணி, கொள்ளு இவற்றுக்கு மூன்று நான்கு செ.மீ. வேண்டும்.

டிஷ்யூ பேப்பரில் இது வேறு மாதிரி வரும், வேர் வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடும், தட்டைச் சாய்த்தால் மொத்தப் பாயும் நழுவும். நாலைந்து மடிப்பாக, வாசனை சேர்க்காத, கெட்டியான கிச்சன் டவல் என்றால் பிடிப்பு இருக்கும். சாக்குத் துணி இதைவிட நல்லது, இழைகளுக்கு நடுவில் வேர் நுழைந்துகொள்ளும். ஆனால் ஒரு நிபந்தனை. புதுச் சாக்கை மூக்கருகே வைத்து முகர்ந்து பாருங்கள், லேசாக மண்ணெண்ணெய் வாடை வரும். சணலை மிருதுவாக்க ஆலையில் கனிம எண்ணெய் தெளிப்பதால் வரும் வாடை அது. உணவுப்பொருள் அடைப்பதற்கான சாக்குகளில் அதற்குப் பதில் தாவர எண்ணெய் சேர்க்கிறார்கள். வாடை வருகிற சாக்கைக் கொதிக்கவைத்துப் பார்த்துக்கூட பயன்படுத்த எனக்கு மனசு வராது. தாவர எண்ணெய்ச் சாக்கு கிடைத்தால் ஒரு கொதி விட்டு அலசிப் போடுங்கள்.

தொப்பி கழறவில்லை

சூரியகாந்தியிலும் கொத்தமல்லியிலும் விதைத்தோல் இலை நுனியில் மாட்டிக்கொண்டு நிற்பது. மண்ணுக்குள்ளிருந்து வருகிற செடி, மண்ணில் உரசித்தான் தோலைக் கழற்றும். நாம் விதையை மேலாகத் தூவிவிட்டு உரச எதையும் வைக்காவிட்டால் தோல் எப்படி விழும்? ஊறிய விதையைப் பரப்பி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, ஒரு கிலோ, இரண்டு கிலோ எடைக்கு எதையாவது வையுங்கள், அரிசி டப்பா போதும். இரண்டு மூன்று நாளில் செடி அந்த எடையையே தூக்கும், அப்போது எடுத்துவிடலாம். அதன்பிறகும் மாட்டியிருந்தால் மாலையில் தண்ணீர் தெளித்துத் தோலை ஊறவிட்டு உள்ளங்கையால் மேலாகத் தடவினால் உதிரும்.

வழவழப்பு

சப்ஜா விதை, சியா, ஆளி விதை இதெல்லாம் தண்ணீர் பட்டதும் கூழ் கட்டிக்கொள்ளும். அது நோயல்ல, சுபாவம். இவற்றை ஊறவைக்கவே கூடாது, ஊறவைத்தால் ஒரே கட்டியாகிவிடும், பரப்பவும் முடியாது, உள்ளே காற்றும் போகாது. கோகோபீட்டில் போட்டால் தூளும் கூழும் சேர்ந்து பிசின் மாதிரி தண்டில் ஒட்டும். ஈரமான கிச்சன் டவலோ சாக்குத் துணியோதான் இவற்றுக்குப் பொருத்தம். காய்ந்த விதையைத் தூவி மேலே தண்ணீர் தெளித்தால் அந்தக் கூழே பசையாகி விதையைப் பிடித்துக்கொள்ளும்.

பச்சைப்பயறோ கொள்ளோ முளைகட்டும்போது வழவழப்பு வந்தால் அது வேறு கதை. முளைப்பயறு வழவழப்பதும் புளித்த வாடை வருவதும் கெட்டதற்கு அறிகுறி, தாளித்துச் சாப்பிட்டுவிடலாம் என்று சமாதானம் சொல்லாமல் கொட்டிவிடுங்கள். வெயில் காலத்தில் துணியை நாளைக்கு மூன்று முறை அவிழ்த்து அலசி நன்றாக வடித்துக் கட்ட வேண்டும்.

நாற்றம், கூடவே கொசு மாதிரி குட்டிப் பூச்சி

அழுகிய முட்டை வாடையோ சாக்கடை வாடையோ வந்தால் அடியில் காற்றில்லாமல் தண்ணீர் நின்றிருக்கிறது, மேலே சொன்ன துளை வைத்தியம்தான். தொழுவ வாடை வந்தால் மண்புழு உரம் மக்கவில்லை. நல்ல மண்புழு உரத்தில் மழை பெய்த மண் வாசனைதான் வரும், கையில் உருட்டினால் டீத்தூள் போல உதிரும், அரைகுறை வைக்கோலோ சாணி உருண்டையோ தெரியாது.

அதைத் தொட்டு ஒரு கறாரான விஷயம். பச்சைச் சாணம், மக்காத எரு, சாணம் சேர்த்துச் செய்யும் ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் எதுவும் சமைக்காமல் சாப்பிடும் தட்டின் பக்கமே வரக் கூடாது. பாரம்பரியம், இயற்கை என்று யார் சொன்னாலும் சரி. 2011-ல் ஜெர்மனியில் ஈ.கோலை கிருமியால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் நோயில் விழுந்தார்கள். விசாரித்துக்கொண்டே போனதில் அது வெந்தய முளையில் வந்து நின்றது. விதை எகிப்திலிருந்து வந்திருந்தது. விதையில் ஒட்டியிருக்கும் சொற்பக் கிருமிக்கு, முளை வருவதற்கு நாம் கொடுக்கும் அதே சூடும் ஈரமும் அருமையான இடம். அதன்மேல் சாணத்தையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமா? வீட்டில் கர்ப்பிணியோ, கைக்குழந்தையோ, வயதானவர்களோ, கீமோ எடுப்பவர்களோ இருந்தால் முளைப்பயறை நன்றாக வேகவைத்தே கொடுங்கள்.

குட்டிப் பூச்சிக்கு வருவோம். தட்டை அசைத்ததும் கறுப்பாகக் கொசுவைவிடச் சின்னதாக எழும்பிப் பறந்து, திரும்ப அங்கேயே உட்காரும். அது கடிக்காது. ஈரமான மீடியத்தின் மேல்பரப்பில் முட்டையிடும், புழு பூஞ்சையையும் இளம் வேரையும் தின்னும். ஈரம் காயாத கோகோபீட்டும் மண்புழு உரமும்தான் அதன் வீடு. மேலிருந்து தெளிப்பதை நிறுத்தி அடியிலிருந்து மட்டும் தண்ணீர் காட்டினால் மேல்பரப்பு காய்ந்து கூட்டம் குறையும். பக்கத்தில் ஒரு மஞ்சள் ஒட்டும் அட்டையை நட்டு வையுங்கள். திறந்த கோகோபீட் மூட்டையை வாய் கட்டாமல் பால்கனியில் வைத்திருந்தால் அதுதான் ஊற்று, முதலில் அதைக் கட்டுங்கள். ஒரு தட்டு முடிவதற்குள் இதை ஒழிக்க முடியாது. அடுத்த தட்டை டிஷ்யூவில் போட்டுவிட்டு, கோகோபீட்டுக்கு இரண்டு வாரம் இடைவெளி விடுவது நல்லது.

மேல்பரப்பில் பச்சையாக ஏடு படர்ந்தால் பாசி. ஈரமும் வெளிச்சமும் அதிகம் என்று அர்த்தம். அவ்வளவுதான்.

வாயில் நறநறவென்று கடிக்கிறது

தண்ணீர் மேலிருந்து தெறிக்கும்போது மணலும் தூளும் தண்டில் ஏறி ஒட்டுகின்றன, அப்புறம் கழுவினாலும் போவதில்லை, கழுவக் கழுவ இலைதான் நசுங்குகிறது. செடி இரண்டு செ.மீ. வந்ததிலிருந்து அடித்தண்ணீர் மட்டும். அறுப்பதற்கு முந்தைய இரவு அதையும் நிறுத்திவிடுங்கள், இலை உலர்ந்திருந்தால் தூள் தானாக உதிரும், ஃபிரிஜ்ஜில் கூடுதல் நாளும் தாங்கும். மீடியத்தை ஒட்ட வெட்டாமல் ஒரு செ.மீ. மேலே, கூர்மையான கத்தரிக்கோலால் வெட்டுங்கள். மொட்டைக் கத்தரி பிடித்து இழுத்தால் வேரோடு வந்து, அதில் இருக்கிற தூள் மொத்தத்தையும் கீரையில் கொட்டும்.

குட்டையாக வருகிற விதைகளுக்கு, உதாரணமாக சப்ஜா, தண்டுக்கீரை, வெட்ட உயரம் கிடைக்காது. அவற்றின் விதையைத் தூவும் முன் கோகோபீட்டின் மேலே ஒரு மடிப்பு கிச்சன் டவலை விரித்துவிட்டால், வேர் அதைத் துளைத்துக் கீழே போகும், தூள் மேலே வராது.

எறும்பு விதையைத் தூக்கிப் போகிறது

முளைக்கவில்லை என்ற புகாரில் சிலது இதுதான். ராத்திரியோடு ராத்திரியாகத் தண்டுக்கீரை விதையைக் காலி செய்துவிடும். வெளி டப்பாவுக்கும் கீழே ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு நடுவில் டப்பாவை வையுங்கள். சாக்பீஸ் மருந்து எல்லாம் சாப்பாட்டுத் தட்டுப் பக்கம் வேண்டாம்.

அறுத்த பிறகு மிஞ்சும் மீடியம்

அதே கோகோபீட்டில் மறுபடி மைக்ரோகிரீன் போட்டால் முதல் தட்டில் இல்லாத பூஞ்சை இரண்டாவதில் வரும். உள்ளே ஒரு பாய் அளவுக்கு வேர் மிச்சம் இருக்கிறது, அது அழுகும்போது புதுவேரும் சேர்ந்து அழுகும். காயவைத்துச் சலித்துக் கொதிநீர் ஊற்றித் திரும்பப் பயன்படுத்துபவர்கள் உண்டு. அந்த உழைப்புக்கு 650 கிராம் கட்டி விலை குறைவு, ஒரு கட்டியே ஊறினால் எட்டு ஒன்பது லிட்டர் வரும், சின்ன டப்பாவுக்கு வாரக்கணக்கில் ஓடும். வேர்ப்பாயைத் தலைகீழாகக் கவிழ்த்து மாடியில் இருக்கும் தொட்டி மண்ணின் மேல் மூடாக்காகப் போட்டுவிடுங்கள். கத்தரிக்கும் வெண்டைக்கும் ஈரம் காக்கும், நாளடைவில் தானே மக்கிவிடும். டிஷ்யூவில் வளர்த்ததையும் அப்படியே போடலாம், நாட்டுக்கோழி வளர்க்கிற வீடாக இருந்தால் அது தொட்டிவரை போய்ச் சேராது.